கலி பிடித்த கை

மழை நாளில் ரப்பர் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரத்தின் மேலேயே பரவி வழிந்துவிடும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மழைக்குக் குறைவே இல்லை. அதனால் பேருக்குத்தான் எப்போதும் குறை. (தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பாதி நாள் வேலை என்றால் அரைப்பேர்.) பேர் விழாத நாட்களில் லயத்து இஸ்தோப்பில் சாக்கை விரித்துச் சீட்டுப் போடுவார்கள். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அந்தச் சாக்கைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான்.

இந்தக் கட்டுரை தொடங்கினது ஒரு நண்பனின் போனில். அவன் சில மாதங்களாகப் போக்கர் ஆடுகிறான். தோற்ற இரவுகளில் தனக்குத் தானே விதிகள் எழுதி வைக்கிறான்: கோபமா இருந்தா ஆடக்கூடாது, ரெண்டு தரம் தோத்தா நிறுத்தணும், விட்டதைப் பிடிக்கப் போகக்கூடாது. எழுதின அடுத்த இரவே மீறுகிறான். "ஏன்டா?" என்று கேட்டால், "அது ஒரு மாதிரி பிடிச்சுக்குதுடா" என்கிறான்.

போக்கர்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பேர் டில்ட். பின்போல் இயந்திரத்தைக் கோபத்தில் உலுக்கிச் சாய்த்தால் அது உறைந்து நின்றுவிடும், ஆட்டம் போய்விடும். அங்கிருந்து வந்த சொல். ஜாரெட் டெண்ட்லர் 2011இல் போக்கரின் மனப் பக்கத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் டில்டையே ஏழு வகையாகப் பிரிக்கிறார். தொடர்ந்து சீட்டு மோசமாக விழுவதால் வருவது ஒன்று, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற அநியாய உணர்ச்சியால் வருவது ஒன்று, தன் பிழையைத் தானே மன்னிக்க முடியாமல் வருவது ஒன்று, எதிரே இருப்பவனைப் பழிவாங்க வருவது ஒன்று. கடைசியில், எப்படியாவது மீண்டாக வேண்டும் என்ற தவிப்பு.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதுக்குத் தமிழ்ல பேர் இல்லையா?"

இருக்கிறது. கலி. புகழேந்தியின் நளவெண்பாவுக்கு மூன்று காண்டங்கள்: சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். ஒரு மனிதனைச் சூதாட்ட வெறி பிடிப்பதும் விடுவதும்தான் பின்னிரண்டு காண்டங்களுக்கும் தலைப்பு. நளன் கெட்டவன் இல்லை, முட்டாளும் இல்லை. கலி பன்னிரண்டு வருசம் காத்திருந்து, அவன் கால் கழுவினதில் இருந்த ஒரு சின்னக் குறையைப் பார்த்து உள்ளே புகுந்துகொள்கிறான். நாங்கள் பள்ளியில் இதைப் படித்தபோது சிரித்தோம். இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நித்திரை குறைந்த ஒரு இரவு, வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டை, அந்த அளவு இடம் போதும் என்று நண்பனைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

கலி நீங்கும் இடம் இன்னும் சுவாரசியம். நளன் தேரோட்டியாக ஒளிந்து வாழும்போது இருதுபன்னன் என்ற அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த பார்வையிலேயே அதில் இருப்பவற்றின் எண்ணிக்கையைச் சொல்கிறான். அந்தக் கணக்கு வித்தையை நளன் கேட்டு வாங்கிக்கொள்கிறான், பதிலுக்குக் குதிரை ஓட்டும் வித்தையைக் கொடுக்கிறான். கணக்கு உள்ளே வந்ததும் கலி வெளியேறுகிறான். அப்புறம்தான் நளன் திரும்பிப் போய் விட்ட நாட்டை ஆடிப் பிடிக்கிறான். கோபத்தை அடக்கு என்று அவனுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. எண்ணக் கற்றுக் கொடுத்தார்கள்.

பாரதத்தில் இந்தக் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாம் தோற்றுக் காட்டில் உட்கார்ந்திருக்கும் தருமனுக்கு, பிருகதசுவர் என்ற முனிவர் சொல்கிறார். தருமனின் ஆட்டத்தை இன்றைய போக்கர்காரர் யாரிடமாவது காட்டினால் பாடப் புத்தகத்துக்கே எடுத்துக்கொள்வார். செல்வம், நாடு, தம்பிமார், தான், பிறகு பாஞ்சாலி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பந்தயம் ஏறுகிறது. அதைவிட மோசம், எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு மறுபடி கூப்பிட்டார்கள் என்று இரண்டாம் தரமும் போய் உட்கார்ந்தது. இழக்க இழக்க ஆசை கூடும் என்பதைத் திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முடிவில் சொல்லி வைத்திருக்கிறார். (அதற்கு அடுத்த அதிகாரம் மருந்து. வேணுமென்றே வைத்தாரா தெரியாது.) 1979இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் ஆய்வு செய்து காட்டியதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்: கையில் லாபம் உறுதியாக இருந்தால் மனிதர் அதைப் பத்திரமாக எடுத்துக்கொள்வார்கள், நட்டம் உறுதி என்றால் அதைத் தவிர்க்கப் பெரிய ஆபத்தில் இறங்குவார்கள்.

போக்கரில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு கை ஆடிக்கொண்டிருக்கும்போது மேசையில் இருக்கும் காசைத் தவிரப் பையிலிருந்து எடுத்து வைக்க முடியாது. அஸ்தினாபுரத்தில் அந்த விதி இருந்திருந்தால் பாரதம் பாதியில் முடிந்திருக்கும். ஆனால் கூத்துப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை முடியவே இல்லை. மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் அர்ச்சுனன் தபசு, யோசித்துப் பார்த்தால், தோற்றவர்களின் கதை. அண்ணன் ஆடிய ஆட்டத்துக்குத் தம்பி தவம் கிடக்கிறான்.

இங்கேதான் எங்களுக்கு டெண்ட்லர் மாதிரியானவர்களோடு ஒரு சண்டை வருகிறது. போக்கர்காரர்கள் சொல்லும் மன அடக்கத்துக்கு அடியில் ஒரு கையிருப்பு இருக்கிறது. ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் காசைப் போல் குறைந்தது 20 மடங்காவது கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அப்படி இருந்தால் ஒரு இரவுத் தோல்வி வெறும் புள்ளிவிபரம். 2021இல் எவ்வளவோ போராட்டத்துக்குப் பிறகு தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தது. அந்த 1000 ரூபாயை ஒருவர் பந்தயம் வைக்க வேண்டுமென்றால் கையில் 20,000 இருக்க வேண்டும். அது இருபது பேர், மழை நிறைந்த மாசத்தில் முழுச் சம்பளமே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். ஆகவே அந்த மனிதர் முதல் சீட்டைத் தொடும்போதே டெண்ட்லரின் கடைசி வகையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனசைப் பழக்கவில்லை என்று குறை சொல்வது சரியா?

இந்தக் குறைக் கணக்கு நேற்று வந்ததில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கி, வழிச்செலவையும் கடனாக ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிமார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் இவ்வளவு என்று எழுதின துண்டு வேண்டும், புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. அதுவரை எங்கள் ஆட்கள் பூச்சியத்தில்கூடத் தொடங்கவில்லை, அதற்குக் கீழே தொடங்கினார்கள்.

சரி, தோட்டத்தில் பெரிய ஆட்டம் ஆடினவர்கள் யார்? 1840களில் கோப்பி மேல் பைத்தியம் பிடித்துக் காட்டை வாங்கினார்கள், 1847 வாக்கில் விலை சரிந்தது. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது, 1884இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. 1910இல் ரப்பர் விலை ஏறியபோது லண்டனில் ரப்பர் கம்பனிப் பங்குகளுக்கு அடிபிடி. சப்ரகமுவ மலையடிவாரத்தில் இன்று நிற்கும் ரப்பர் தோட்டங்களின் கதையில் அந்தக் காய்ச்சலுக்கும் பங்கு உண்டு. 1930களில் அதுவும் சரிந்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதற்கு நடுவில், 1889இல், சூதாட்டத்தைத் தண்டிக்கும் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. லண்டன் பங்குச் சந்தை அதில் அடங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரத்தினபுரிக்காரர்கள் இவ்வளவு நேரம் 'மாணிக்கக் குழியை மறந்துட்டீங்களே' என்று முறைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. குழியில் இறங்குகிறவருக்குப் பெரும்பாலும் சாப்பாடும் ஒரு பங்கும்தான். கல் கிடைத்தால் காணிக்காரர், லைசன்காரர், மெசின்காரர், வேலை செய்தவர்கள் என்று பிரியும். கிடைக்காவிட்டால் சேறுதான் மிச்சம். 2021 ஜூலையில் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு வெட்டப்போய் 510 கிலோ நீலக்கல் திரள் கிடைத்ததாகச் செய்தி வந்தபோது இங்கே எத்தனை பேருக்குத் தூக்கம் போனது என்று நினைவிருக்கிறதா? 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டொலர் கட்டி ஒன்லைனில் தகுதி பெற்று 25 லட்சம் டொலர் வென்றதும், உலகமெல்லாம் போக்கருக்கு ஆள் சேர்ந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற செய்திகள். ஆனால் குழியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: நட்டம் ஒருத்தர் தலையில் விழாமல் பல பங்காகப் பிரிகிறது. ஒன்றாக இறங்கி, ஒன்றாக வெறுங்கையோடு ஏறுகிறார்கள். போன் ஆட்டத்தில் அது இல்லை.

இனி இஸ்தோப்புக்குத் திரும்புவோம். அங்கே ஆடினது 304. 32 சீட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதியில் 76, நாலு சாதிக்கு 304. முதலில் நாலு சீட்டுத்தான் கைக்கு வரும். மிச்சம் நாலு தெரியாமலே கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பதற்றத்துக்குக் குறைவே இல்லாத ஆட்டம். கூட்டாளி பிழை விட்டால் வருகிற கோபம் எதிரி மேல் வருகிற கோபத்தைவிடப் பெரிது. "ஜாக்கியை எதுக்குடா பொத்தி வச்ச, அடைகாக்கவா?" என்று லயம் முழுக்கக் கேட்கும்.

நாங்கள் பார்த்த ஆட்டங்களில் பந்தயம் ரப்பர் கொட்டை. தோற்றால் கொட்டை எதிர்க்கட்சிக்குப் போகும், கூடவே அன்று முழுக்கக் கேலி. சத்தம் கூடினால் கூட்டாளிகளை மாற்றிப் போடுவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒரு தாத்தா எழும்பிச் சீட்டுக்கட்டை மடியில் சொருகிக்கொண்டு போய்விடுவார். யாரும் தன் மனசை ஆளப் பயிற்சி எடுத்ததாகத் தெரியவில்லை. மனசை நம்பாமல் சுற்றிவர ஆட்களை வைத்துக்கொண்டார்கள்.

இதை நாங்கள் இனிப்பாகச் சொல்லி முடிக்கப் பார்த்தோம். ஆனால் எழுதினதை வாசித்துக் காட்டியபோது எங்களில் ஒருத்தியின் அம்மா குறுக்கே வந்தார். "மழை நாள்ல கொட்டை. சம்பள நாள்ல?" சம்பள நாளில் காசு வைத்துத்தான் ஆடினார்கள். யாருடைய காசு? பெண்களின் சம்பளத்தையும் வீட்டு ஆண்களே கையில் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. கொழுந்து எடுத்தது, பால் வெட்டினது ஒருத்தி, பந்தயம் வைத்தது இன்னொருத்தர். பாஞ்சாலி சபைக்கு அனுப்பின கேள்வி நினைவுக்கு வந்தது: தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே தோற்றவருக்கு என்னை வைக்க உரிமை ஏது? நளன்கூட அந்த இடத்தில் நின்றுவிட்டான். தமயந்தியை வை என்றபோது வைக்கவில்லை. கலி முழுசாகப் பிடித்திருந்த கையும் ஒரு இடத்தில் நிற்க முடிந்திருக்கிறது.

அம்மா பாரதம் பேசவில்லை. சம்பளப் பெரட்டுக்கு முந்தியே போய் நின்று தன் காசைத் தானே வாங்கத் தொடங்கின கதையைச் சொன்னார். முதல் மாசம் வீட்டில் பெரிய சண்டை. மூன்றாம் மாசம் பழகிப்போனதாம். "அவரு கோவத்தை நான் எங்க அடக்குறது? காசைத்தான் அடக்கினேன்."

தமிழ்நாட்டில் 2022இல் ஒன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார்கள். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஒன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு நல்ல வழக்குத்தான். ஆனால் தோற்ற பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு நண்பன் ஆடும் ஆட்டத்தில் இரண்டும் இல்லை.

இந்தக் கட்டுரையை அவனிடம் வாசிக்கக் கொடுத்தோம். நளன் பகுதி பிடித்தது, கையிருப்புக் கணக்குப் பிடிக்கவில்லை என்றான். பிறகு போனில் காசு போடும் அட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்திருக்கிறான், ஒரு மாசத்துக்கு என்று சொல்லி. போன ஞாயிறு மழைக்கு 304 போட்டோம். அவன் என் கூட்டாளி இல்லை, நல்லவேளை. இருபத்திரண்டு கொட்டை தோற்றுவிட்டு, இன்னும் ஒரு கை, ஒரே ஒரு கை என்று கேட்டுக்கொண்டிருந்தான். கட்டை எடுத்து மடியில் சொருகிக்கொண்டது அக்கா.