உம்மாவின் பல் செட்டும் சுருங்கிப்போன அச்சும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் உம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன் பல் செட் கட்டினோம். வீட்டுக்கே வந்து ஒருவர் அச்செடுத்தார். ரோஸ் நிற மாவைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்தார். எடுத்த அச்சை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு ராகலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒரு கிழமையில் செட் வந்தது. போட்டால் ஆடும், மென்றால் முரசு புண்ணாகும். கல்யாண வீட்டில் எல்லோரும் சஹனில் உட்காரும்போது, "எனக்குப் பசியில்ல மகள்" என்று உம்மா ஒதுங்கிவிடுவார்.

போன மாதம் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அச்சு எடுத்த உடனேயே சாந்து ஊற்றினாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் 250 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1756ல் ஜேர்மன் பல் வைத்தியர் பிலிப் பாஃப், மெழுகால் வாயை அச்செடுத்து அதில் சாந்து ஊற்றும் முறையை எழுதிவைத்தார். மெழுகு வெளியே எடுக்கும்போதே நெளியும். 1840களில் பரிஸ் சாந்தையே வாயில் வைத்தார்கள். அது கல்லாக இறுகும். உடைத்து எடுத்துத் துண்டுகளை ஒட்டவேண்டும். 1857ல் லண்டனில் சார்ள்ஸ் ஸ்டென்ட், சூட்டில் இளகும் ஒரு கலவையைக் கொண்டுவந்தார். இருதயத்துக்குப் போடும் 'ஸ்டென்ட்' என்ற பெயரும் இவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

1925ல் வியன்னாவில் அகார் வந்தது. நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசிதான் அது! சூட்டில் இளகி, ஆறினால் உறையும். அகார் அந்நாளில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த வரத்து நின்றதும், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. உம்மாவின் வாயில் வைத்த ரோஸ் மாவு அதுதான்.

அல்ஜினேட் மலிவு, நல்ல சாமான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். காற்றுப் பட்டால் காய்ந்து சுருங்கும், தண்ணீரில் கிடந்தால் ஊதும். சில நிமிஷங்களுக்குள் சாந்து ஊற்றிவிட வேண்டும். உம்மாவின் அச்சோ மணிக்கணக்கில் பஸ்ஸில் போனது. சுருங்கிய வாய்க்குத்தான் செட் கட்டினார்கள்.

இதற்குத் தீர்வு மணலிலிருந்து வந்தது. மணலில் உள்ள சிலிக்கனிலிருந்து செய்யும் சிலிக்கோனை, 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் கிப்பிங் ஆராய்ந்தார். அதனால் பெரிய பயன் வருமென்று அவரே நம்பவில்லை. 1950களில் அது பல் வைத்தியத்துக்கு வந்தது. முதலில் வந்த வகை இறுகும்போது மதுசாரம் வெளியேறும். அதனால் அதுவும் மெல்லச் சுருங்கியது. 1970களில் வந்த 'அடிஷன்' சிலிக்கோனில் அந்தக் குறை இல்லை. சாந்தைச் சில நாள் கழித்து ஊற்றினாலும் அளவு அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்று: லேடெக்ஸ் கையுறையின் கந்தகம் பட்டால் அது சரியாக இறுகாது. அதனால் டொக்டர் வேறு கையுறை மாட்டிக்கொண்டார்.

டவுனில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். அச்சை எடுத்து மலையிறங்கி லேப் வரை அனுப்ப வேண்டிய நமக்கு அப்படியல்ல.

உம்மாவுக்கு முதல் அச்சு அல்ஜினேட்டில். அங்கேயே உடனே சாந்து ஊற்றினார்கள். கடைசி அச்சு சிலிக்கோனில். நாலு தரம் பஸ் ஏறினோம். "ஒரே நாளில் முடிக்க ஏலாதா?" என்று நானும் முணுமுணுத்தேன். இப்போது அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களுக்குப் பல் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா? அச்சுக்குச் சாந்து எப்போது ஊற்றுவார்கள்? காசு கொஞ்சம் கூடலாம், அலைச்சலும் கூடலாம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் உம்மா சஹனில் உட்கார்ந்தார். இறைச்சித் துண்டை யாருக்கும் தள்ளிவைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.