அமெரிக்க மாதிரியும் அரபிக் கடலும்

ஒரு நாட்டார் கண்ட வழி மற்றொரு நாட்டாருக்கு விளக்காவதுண்டு. ஆயின் அதன் உயிரை விடுத்து உருவை மட்டும் கொணர்ந்தால் விளைவது யாது? நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து தம்பானூரைச் சூழக் குடியமர்ந்த நாம், விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் திருவிதாங்கூர் மண்ணே அதனைக் கூறும்.

முதலில் அமெரிக்க வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1607-இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறினர். காலப்போக்கில் பதின்மூன்று குடியேற்றங்கள் தழைத்தன. லண்டன் பாராளுமன்றத்தில் தமக்கு உறுப்பினர் இல்லாதபோது, அது விதிக்கும் வரியைத் தாம் ஏன் செலுத்த வேண்டும் என்று அம்மக்கள் வினவினர். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தனர். அத்தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம் அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி மிளகு வாங்கியதும் அதே கம்பெனியே! அதன் கொடுமை பொறாத ஆற்றிங்கல் மக்கள் 1721-லேயே அதன் ஆட்களைத் தாக்கி வீழ்த்தினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1776 ஜூலை 4-இல் அமெரிக்கர் விடுதலை சாற்றினர். 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். திருவிதாங்கூரைத் தாக்கிய திப்புவின்மேல் படை நடத்தியவரும் அவரே. 1787-இல் வகுக்கப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டப்படி, சட்டமன்றம் நம்பிக்கையில்லை எனக் கூறிக் குடியரசுத் தலைவரை நீக்க இயலாது. எனினும் அவர் பதவி நான்கு ஆண்டுக்கே. அதன் பின் தேர்தலைச் சந்தித்தே ஆகவேண்டும்.

இவ்வமைப்பையே 1946-இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் இங்கே முன்வைத்தார். வயது வந்தோர் அனைவரும் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆயின் திவானை அம்மன்றம் அகற்ற முடியாது. அவரை அமர்த்துபவர் மன்னர். அமெரிக்கத் தலைவரின் உறுதியான நாற்காலி வந்தது. அவரை அதில் அமர்த்தும் மக்களின் உரிமை வரவில்லை. அமெரிக்க மாதிரியை அரபிக் கடலில் எறிவோம் என்று தொழிலாளர் முழங்கினர். அன்று பாஸ்டனில் கடலில் வீழ்ந்தது தேயிலை; இங்கே அமெரிக்கத்தின் பெயரையே கடலில் எறிய மக்கள் துணிந்தனர்! அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரை, வயலாரில் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

1947 ஜூன் 11-இல் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். மக்களைக் கேளாத அவ்விடுதலையை மக்கள் ஏற்கவில்லை. ஜூலை 25-இல் இந்நகரிலேயே அவர் வெட்டுண்டார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். திவானும் பதவி துறந்தார். 1948-இல் வயது வந்தோர் வாக்களித்த தேர்தல் நடந்தது.

அமெரிக்காவிலும் 'மக்கள்' என்ற சொல் தொடக்கத்தில் அனைவரையும் தழுவவில்லை. அடிமை முறை 1865 வரை நீடித்தது. மண்ணின் தொல்குடியினர் விரட்டப்பட்டனர். இங்கும் தென் வட்டத் தமிழர் தம் மொழிக்கு இடம் கேட்டு, 1954-இல் குண்டுகளுக்கு உயிர் ஈந்த பின்னரே, 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் தமிழகம் சேர்ந்தன.

எல்லைக்கு இப்பால் வாழும் நாம் இந்நாட்டின் விருந்தினர் அல்லர், அதன் மக்கள். வாக்குச் சாவடியிலும் பள்ளியிலும் அந்நிலையை நிலைநாட்டுவது நம் கடன். சட்டத்தின் உயிர் ஏட்டில் இல்லை. அதனைத் தமதெனக் கொள்ளும் மக்களிடமே உள்ளது.