மூடாத மதகு

கல்லணையில் பிரியும் நீர் மதகு மதகாய்க் கடந்து கடைமடை வயலைச் சேர்கிறது. வேண்டும்போது திறப்பதும் போதுமென்றபோது அடைப்பதுமே தஞ்சைத் தரணியின் உழவு. நம் உடலுக்குள்ளும் அத்தகைய பங்கீடொன்று, நம்மைக் கேளாமலே நடைபெறுகிறது.

1898-இல் கேம்பிரிட்ஜ் உடலியலறிஞர் லாங்லி அதற்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் எனப் பெயரிட்டார். அதன் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். குருதி நாளங்களைச் சுருக்கும். எதிர்ப்பரிவு நரம்புகளோ இதயத்தைத் தணிக்கும், உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும், குடலை இயக்கும். 1921-இல் ஆட்டோ லூவி, தவளை இதயமொன்றின் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் இட்டார். அதுவும் மெல்லத் துடித்தது! நரம்பின் ஆணையை ஒரு வேதிப்பொருளே சுமந்து சென்றது. அதுவே அசிட்டைல்கோலின். ஆணை நிறைவேறியதும் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடும். திறந்த மதகு மூடப்படுகிறது எனலாம்.

1930-களில் ஜெர்மானிய வேதியியலர் ஷ்ராடர் பூச்சிகளை அழிக்க ஆராய்ந்த பாஸ்பரஸ் சேர்மங்கள் இந்நொதியை முடக்குபவை. அவற்றுள் டாபுன் போர் நஞ்சாயிற்று. அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில, பூச்சிக்கொல்லிகளாய் உலகெங்கும் பரவின. 1960-இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை 27 நெல் வந்தது, உரம் வந்தது, தெளிப்பானும் வந்தது. விளைச்சல் பெருகியதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கையுறையும் முகமூடியுமின்றித் தெளிப்பவரின் தோல் வழியே நஞ்சு உடலில் ஏறுகிறது. கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும், வாய்நீர் ஒழுகும், வியர்வை பெருகும், மூச்சுக்குழல்களில் நீர் நிறையும். மூடாத மதகு வயலை மூழ்கடிப்பது போன்றதே இது.

இதனைத் தடுக்கும் அட்ரோப்பின், நம் வாய்க்கால் கரை ஊமத்தையிலும் உண்டு. ஆனால் ஊமத்தை தானே கொடிய நஞ்சு. மருத்துவமனையில் அளந்து தரப்படும் ஊசியே உயிர் காக்கும். எனவே காலந்தாழ்த்தாது அங்கே கொண்டு செல்லுதல் வேண்டும்.

நம் ஊர்களில் இந்நஞ்சை 'மருந்து' என்றே அழைக்கிறோம். 'மருந்தடிக்கப் போயிருக்கிறார்' என்கிறோம். 'மருந்து குடித்துவிட்டான்' என்றும் கண்ணீரோடு சொல்கிறோம். அப்புட்டியைப் பூட்டி வைப்பது வீட்டாரின் கடமை. கூலிக்குத் தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் தருவது நிலமுடையோரின் கடமை. பயிரைக் காக்கும் நாம், அப்பயிரிடையே நடக்கும் மனிதரைக் காக்க மறக்கலாமா?