பூச்சாண்டியின் நான்கு முகங்கள்: குழந்தைகளை அச்சுறுத்தும் வழக்கத்தின் வரலாறு

உள்ளத்தில் எழும் உணர்ச்சி பிறர் காணுமாறு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று வகுக்கும் தொல்காப்பியம், எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக எண்ணுகிறது. இவற்றுள் அணங்கு என்பது பேய், பூதம் முதலிய வருத்தும் ஆற்றல்களையும், இறை என்பது அரசன் முதலாகத் தம்மேல் அதிகாரம் உடையோரையும் குறிக்கும். வளர்ந்தோரின் அச்சத்தைப் பற்றி எழுந்த இப்பட்டியலைத் தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தைகளை அடக்குவதற்குச் சொல்லப்பட்டுவரும் மிரட்டல்களோடு வைத்துப் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது புலப்படும். வேப்பமரத்துப் பேயும், இருட்டில் நிற்கும் நரியும், சாக்குப்பையோடு வரும் பிள்ளைபிடிக்கிறவனும், இழுத்துக்கொண்டு போகும் போலீஸ்காரனும் அந்நான்கு இடங்களுக்கும் பிற்காலத்தார் இட்ட பெயர்களே. குழந்தைக்குக் காட்டப்படும் பூச்சாண்டி பெரியவர்கள் தாமே வென்றிராத அச்சத்தின் உருவம் என்பதையும், அவர்கள் அதை வெல்லாதவரை அது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பதையும் இவ்வழக்கத்தின் வரலாறு தெளிவாக்குகிறது.

பூச்சாண்டி காட்டுதல் என்பது உண்ண மறுக்கும், உறங்க மறுக்கும், வீட்டைவிட்டு வெளியே ஓடும் குழந்தையை, இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவதாகும். இவ்வழக்கத்தின் பழைய வடிவம் ஒன்றைப் பெரியாழ்வார் திருமொழியில் காணலாம். அங்கே ‘அப்பூச்சி காட்டுதல்’ என்ற தலைப்பில் ஒரு பதிகமே உள்ளது. அப்பூச்சி என்பது கண்ணிமையை மடக்கிக் காட்டுவது போன்ற செயல்களால் எதிரில் இருப்பவரை வெருட்டும் விளையாட்டு. ஆனால் அப்பதிகத்தில் அச்சுறுத்துபவள் தாய் அல்லள். குழந்தையாகிய கண்ணனே மற்றவர்களுக்கு அப்பூச்சி காட்டுகிறான், பெரியவர்கள் அஞ்சுவதுபோல் மகிழ்கிறார்கள். அச்சத்தைக் கையாளும் ஆற்றல் குழந்தையிடம் இருக்கும்போது அது விளையாட்டாகிறது. அதே ஆற்றல் பெரியவர் கைக்கு மாறி, குழந்தை அதிலிருந்து விலக வழியில்லாதபோது மிரட்டலாகிறது.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது தொடங்கி வளர்ந்த இவ்வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுவது. அவற்றுள் முதலாவதாகிய காப்புப் பருவம், குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது. அப்பருவத்தில் தெய்வங்களின் கொலைத் தொழிலைப் பாடலாகாது என்பது பாட்டியல் மரபு. நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தில் இன்சொல், கொடை, வேறுபாடு காட்டல், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் கையாளப்பட்டாலும், தண்டத்தின் மிரட்டல் நிலவை நோக்கியே செல்கிறது. குழந்தையை நோக்கி அன்று. ஆகவே குழந்தையை அச்சுறுத்தாமல் வளர்க்க விரும்புவோர் மரபை மீறுவோர் அல்லர். மரபின் ஓர் இழையை மேற்கொள்வோரே ஆவர்.

மற்றோர் இழை வலுப்பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோயிற்று. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் அம்மைக்கும் காரணம் அறியப்படாத காலத்தில், தாய்மாரின் அச்சம் கண்ணேறு, காட்டேரி, முனி என்னும் பெயர்களைப் பெற்றது. கன்னத்தில் இடும் மைப்பொட்டும், மணிக்கட்டில் கட்டும் வசம்பும், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுதலும் குழந்தையை இழந்துவிடுவோமோ என்ற நடுக்கத்திலிருந்து பிறந்தவை. அவற்றை அன்பின் செயல்களாகக் கொள்ளாமல் இகழ்வது வரலாற்றுக்கு அழகன்று. உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகக்கூடாது, விளக்கு வைத்தபின் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்ற தடைகளுக்குள் சில நேரங்களில் பயனுள்ள எச்சரிக்கையும் மறைந்திருந்தது. ஆயினும் கிணற்றில் ஆழம் இருக்கிறது என்று சொல்வதற்கு மாறாக அதில் பேய் இருக்கிறது என்று சொல்லும்போது, குழந்தை பெறுவது அறிவன்று. எந்தக் காலத்திலும் சரிபார்க்க இயலாத ஓர் அச்சமே. நோய்க்குத் தடுப்பூசியும் மருந்தும் வந்து, மரணம் குறைந்த பின்னரும் அந்த அச்சம் எஞ்சி நின்றதற்குக் காரணம் இதுவே.

விலங்கச்சத்தின் வரலாறு இதற்கு மாறான ஒரு வழியையும் காட்டுகிறது. குறுந்தொகையில் வரும் தாய் ஒருத்தி தழுவிக்கொள்ளும் புதல்வன் புலிப்பல் கோத்த தாலி அணிந்திருக்கிறான். அஞ்சத்தக்க விலங்கின் பல்லே அக்குழந்தையின் காப்பாகிறது. பாம்பைப் பொறுத்தவரை இன்றும் நிலைத்திருக்கும் சான்று இருளர் மக்களுடையது. செங்கற்பட்டுப் பகுதியில் தலைமுறைகளாகப் பாம்பு பிடித்துவந்த இம்மக்கள், 1972 ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தபின், 1978 இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, வடநெம்மேலியில் நஞ்சு எடுத்து நச்சுமுறிவு மருந்து செய்வோருக்கு அளித்துவருகின்றனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் தடத்தையும் வளையையும் குணத்தையும் பிரித்தறியும் திறம், பெரியவர்களோடு உடன்சென்று பார்த்தே பழகப்படுகிறது. பாம்பு கொல்லும் என்பதை இருளர் குழந்தை மற்றக் குழந்தைகளைவிட நன்றாகவே அறியும். எது கொல்லும், எது கொல்லாது, எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பதையும் கூடவே அறிவதால், அந்த அறிவு நடுக்கமாக மாறுவதில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்று திருவள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் கூறியதன் பொருள் இத்தகைய வாழ்வில் விளங்குகிறது. அஞ்சவேண்டியது எது என்று தெரிந்துகொள்வது அறிவின் வேலையாகும்.

மூன்றாவதாகிய கள்வரச்சம் வெறுங்கற்பனையில் தோன்றியதன்று. 17 ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், பஞ்சம் வந்த ஆண்டுகளில் மிக மலிவாக விற்கப்பட்ட மனிதர்களைப் பழவேற்காடு முதலிய சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாக ஏற்றிச் சென்றன. 1843 இல் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு நீக்கப்பட்ட பின்னரும், கடல்கடந்த தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டியவர்கள் ஊர்தோறும் திரிந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் குடும்பங்களைச் சிதறடித்தது. பாலம் கட்டும்போதும் அணை கட்டும்போதும் பலிகொடுக்கப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற வதந்தி பல ஊர்களில் உலவியது. ஆள் காணாமற்போவது உண்மையாக இருந்த உலகில் பிள்ளைபிடிக்கிறவனைப் பற்றிய பேச்சு பெரியவர்களின் பட்டறிவோடு பொருந்தியே நின்றது. ஆனால் பட்டறிவு மறைந்தபின் எஞ்சிய உருவம், ஊருக்குப் புதியவர், பிச்சையெடுப்பவர், மனநலம் குன்றித் திரிபவர் ஆகிய எளியோர்மேல் ஒட்டிக்கொண்டது.

இறையச்சமும், அதாவது அதிகாரத்துக்கு அஞ்சுதலும், இவ்வாறே வரலாற்றில் வேர்கொண்டது. 1871 இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பினாலேயே ஒரு சமூகத்தாரைக் குற்றவாளிகளாகக் கருத இடங்கொடுத்தது; அது 1911 இல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்தில் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகத்தார்மேல் செயற்படுத்தப்பட்டது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த இதன்படி, ஆடவர் இரவுகளில் காவல்நிலையத்தில் தம் இருப்பைக் காட்டவேண்டியிருந்தது. இதை எதிர்த்த மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் காவலர்கள் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். 1947 இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்படும்வரை, தந்தை இரவில் வீட்டில் உறங்க இயலாத குடும்பங்களில் போலீஸ்காரன் வருகிறான் என்ற சொல் குழந்தைக்கு எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதிகாரத்தின் மற்றொரு முகமாகப் பள்ளி இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்னும் மாணவத் தலைவனின் கண்காணிப்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகளும் இருந்ததால், வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன் என்பதே போதுமான மிரட்டலாயிற்று. மாணவரை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்யும் விதி, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவாகவே தேசிய அளவில் வந்தது.

இந்நான்கு அச்சங்களையும் ஒருசேர எதிர்த்த முதற்பெருங்குரல் சுப்பிரமணிய பாரதியாருடையது. பாரத மக்களின் தற்கால நிலைமையைப் பற்றிய பாடலில் அவர் பேய்க்கும் மந்திரவாதிக்கும் நடுங்குவோரைக் காட்டிய கையோடு, சிப்பாயையும் ஊர்ச் சேவகனையும் கண்டு பதைப்போரையும் காட்டுகிறார்; பேயச்சமும் அடிமைத்தனமும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகள் என்பது அவர் கண்டறிந்த உண்மை. ஔவையாரின் ஆத்திசூடி என்னும் குழந்தைகளுக்குரிய நூல் அறத்தை விரும்பச் சொல்லித் தொடங்க, பாரதியாரின் புதிய ஆத்திசூடியின் முதற்கட்டளை அச்சத்தை விலக்கச் சொல்கிறது. 1925 இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ இதழ் பேய், சகுனம், மந்திரம் பற்றிய நம்பிக்கைகளைத் தொடர்ந்து கேள்விக்கு உட்படுத்தியது, ம. சிங்காரவேலர் அதில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். கேரளத்தில் பிறந்து 1920களில் இலங்கையில் குடியேறி, யாழ்ப்பாணம் உட்படப் பல ஊர்களில் ஆசிரியப் பணியாற்றிய ஆபிரகாம் கோவூர், பேய்பிடித்ததாகக் கூறப்பட்டவர்களை மனநோய்க்கு ஆளானவர்களாகக் கண்டு ஆராய்ந்தார்.

இவர்களுள் குழந்தை வளர்ப்பையே நேராகத் தொட்டவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1961 இல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ படத்துக்காக அவர் எழுதிய, சிறுவன் ஒருவனை நோக்கிய பாடலில், மரத்துப் பேயைக் காட்டி வீரத்தை முளையிலேயே கிள்ளும் பெரியவர்களின் பேச்சை நம்பவேண்டாம் என்று அறிவுறுத்துகிறார். அச்சத்தைக் கைமாற்றும் தருணத்தை, அதாவது விளையாடப் புறப்படும் குழந்தையைத் தடுத்துப் பேய்க்கதை சொல்லும் அந்த ஒரு நொடியை, இத்தனை துல்லியமாகப் பிடித்த தமிழ்ப் பாடல்கள் அரிது.

கவிஞர் உணர்ந்ததை உளவியல் அறிஞர் பின்னர் சோதனைகளால் நிறுவினர். ஸ்டான்லி ராக்மன் 1977 இல் அச்சம் வரும் வழிகளை மூன்றாக வகுத்தார்: தானே அடைந்த துன்பம், பிறர் அஞ்சுவதைப் பார்த்தல், பிறர் சொல்லக் கேட்டல். பூச்சாண்டி மூன்றாம் வழியைச் சேர்ந்தது. இரண்டாம் வழியோ சொல்லே இல்லாமல் நடப்பது. 1985 இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரு வயதுக் குழந்தைகள் பள்ளம்போல் தோன்றும் கண்ணாடித் தளத்தின் விளிம்பில் விடப்பட்டனர். எதிரில் நின்ற தாயின் முகம் மலர்ந்திருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து சென்றனர், அச்சத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை. சூசன் மினேகாவும் உடன் ஆய்வாளர்களும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், பாம்புக்கு அஞ்சாதிருந்த இளங்குரங்குகள், காட்டில் வளர்ந்த தம் பெற்றோர் பாம்பைக் கண்டு அஞ்சுவதைச் சிறிது நேரம் பார்த்தே அவ்வச்சத்தைப் பெற்றன. ஆனால் அஞ்சாத குரங்கு ஒன்று பாம்பின் அருகில் இயல்பாக இருப்பதை முன்கூட்டியே பார்த்திருந்த குரங்குகளில் பெரும்பாலானவை, பின்னர் அஞ்சும் குரங்கைக் கண்டபோதும் அச்சத்தை ஏற்கவில்லை என்று 1986 இல் அவர்கள் காட்டினர். பெரியவரின் அஞ்சாமை குழந்தைக்குத் தடுப்பு மருந்தாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வந்துவிட்ட அச்சத்தை நீக்கும் வழியையும் இத்துறை கண்டறிந்தது. மேரி கவர் ஜோன்ஸ் 1924 இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் விரும்பி உண்ணும் வேளைகளில் முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தும், அஞ்சாத குழந்தைகளோடு அவனைச் சேர்ந்திருக்க விட்டும் அவ்வச்சத்தைப் போக்கினார். ஏளனமும் வற்புறுத்தலும் இல்லாத இந்த மெதுவான நெருங்குதல் வளர்ந்தோருக்கும் பொருந்தும். இருட்டுக்கோ நாய்க்கோ ஊசிக்கோ அஞ்சும் பெற்றோர், அஞ்சாதவர்போல் நடிப்பதைவிடத் தம் அச்சத்தைப் பெயர்சொல்லி ஒப்புக்கொண்டு, அதைப் படிப்படியாக அணுகுவதைக் குழந்தை பார்க்கவிடுவதே மேலானது. அப்போது குழந்தை அச்சத்தை மட்டுமன்றி அதைக் கடக்கும் முறையையும் சேர்த்துக் கற்கிறது.

இதைச் செய்யத் தவறினால் நேரும் கேட்டை 2018 மே மாதம் தமிழ்நாடு கண்டது. பிள்ளைபிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச்செய்தி வாட்ஸ்ஆப் வழியாகப் பரவியதில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரும், பழவேற்காட்டில் ஆதரவற்றுத் திரிந்த ஒருவரும் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். அடிமைக் கப்பல்கள் சென்ற துறைமுகத்தில், கப்பல்களும் கம்பெனியும் மறைந்து நெடுங்காலமான பின், எவரையும் பிடிக்காத ஒருவரை அந்தப் பழைய அச்சத்தின் பெயரால் கொன்றனர். அடித்தவர்களும் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களே. பிள்ளைபிடிக்கிறவனின் உருவம் அவர்கள் உள்ளத்தில் முதலில் பதிந்தது கைப்பேசியால் அன்று. குழந்தையிடம் சோறு உண்ணவைக்கச் சொல்லப்படும் சிறு பொய், அக்குழந்தை வளர்ந்து கூட்டத்தில் நிற்கும் நாளில் சிறு பொய்யாக இருப்பதில்லை. ஆகவே தன் அச்சத்தை ஆராய்ந்து வெல்வது ஒருவர் தமக்காக மட்டும் செய்துகொள்ளும் முயற்சி அன்று. பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகள் நாளை எதிர்கொள்ளப்போகும் அந்நியர்களுக்கும் செய்யவேண்டிய கடமை.