கடிவாளம் முறிந்த பிறகு

குதிரையின் வீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன்மேல் பணம் கட்டியவர்கள். அல்லது பணம் கட்டியவர்களுக்காக எழுதுகிறவர்கள். ஜெயித்தது வீரமுள்ள குதிரை, தோற்றது கோழை என்பதற்கு மேல் அவர்கள் பேச்சு போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய பந்தயம் என்றால் நாலு மைல் ஓட்டம். அதுவும் ஒரே நாளில் அதே குதிரைகள் இரண்டு, மூன்று தடவை ஓடியாக வேண்டும். கடைசி ஓட்டத்திலும் விட்டுக்கொடுக்காத குதிரைக்கு 'பாட்டம்' இருக்கிறது என்றார்கள். அடியில் இன்னும் சரக்கு பாக்கி என்கிற மாதிரி. பிறகு ஓட்டங்கள் குறுகின. 1780-ல் டெர்பி வந்தது. 'பாட்டம்' மெல்ல வழக்கொழிந்தது. 'இதயம்' அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

உருவகமாக வந்த இதயத்தை ஸ்தூலமாகத் தேடியவர்களும் உண்டு. தோற்றே அறியாத எக்ளிப்ஸ் 1789-ல் செத்தபோது அறுத்துப் பார்த்து, இதயம் 14 பவுண்டு என்று குறித்துவைத்தார்கள். 1930-ல் மெல்போர்ன் கப் ஜெயித்த ஃபார் லாப், 1932-ல் கலிஃபோர்னியாவில் செத்தது. அதன் தோல் மெல்போர்னில் இருக்கிறது, எலும்புக்கூடு நியூஸிலாந்தின் வெலிங்டனில், இதயம் கான்பெர்ராவில். எடை 6 கிலோவுக்கு மேல். சாதாரணக் குதிரைக்கு 4 கிலோ வாக்கில்தான் இருக்கும். பெரிய இதயம் நிறைய ரத்தத்தைத் தள்ளும். தசைகளுக்குப் பிராணவாயு தாராளமாகப் போகும். களைப்பு தாமதமாக வரும். ஆனால் களைக்காத குதிரை வீரமாக இருக்கத் தேவையே இல்லை. உருவகத்தைத் தராசில் வைத்தார்கள். தராசு தசையின் எடையைக் காட்டியது.

இலக்கியம் படித்தவனுக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இயற்கைப் பொருளின்மேல் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை 1856-ல் ரஸ்கின் ஒரு பிழையாகப் பெயரிட்டார். நம் இலக்கணக்காரர்கள் ஏறக்குறைய அதையே தற்குறிப்பேற்றம் என்று அணிகளில் ஒன்றாக வைத்து அமைதியடைந்துவிட்டார்கள். பிளேட்டோவின் 'லாக்கிஸ்' உரையாடலில் வரும் நிகியாஸ் இன்னும் கறார். எதற்குப் பயப்பட வேண்டும் என்று அறியாத மிருகத்துக்குத் தைரியம் என்பது கிடையாது, அதனிடம் இருப்பது வெறும் பயமின்மை என்பது அவன் கட்சி. ரொம்ப நாள் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னை அசைத்தது 1962-ல் பாரிஸில் நடந்த ஒரு ஓட்டம்.

ஜூன் 17-ம் தேதி, ஓத்தய் மைதானம். தடைதாண்டும் ஓட்டங்களில் பிரான்ஸில் அதுதான் பெரியது. 8 என்று எழுதினாற்போல் தன்னையே வெட்டிக்கொண்டு போகும் பாதை. ஏறக்குறைய 4 மைல். இங்கிலாந்திலிருந்து வந்த மாண்டரினுக்கு 11 வயசு. சிறிய உடம்பு. அந்த மார்ச்சில்தான் செல்ட்டனாம் கோல்டு கப் ஜெயித்திருந்தது. மேலே ஃப்ரெட் விண்டர். அன்று அவருக்கு வயிறு சரியில்லை. எடை குறைக்கப் பட்டினி வேறு. ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், நாலாவது தடை வாக்கில், மாண்டரினின் வாய்க்குள் இருந்த ரப்பர் சுற்றிய கடிவாளத் துண்டு முறிந்தது. லகான் விண்டர் கையில் இருந்தது. ஆனால் அது எதையும் பிடித்திருக்கவில்லை. நிறுத்த வழியில்லை, திருப்ப வழியில்லை. காலின் அழுத்தம், உடம்பின் சாய்வு, இவ்வளவுதான் இனி அவர் வசம்.

கடிவாளம் இருக்கும்வரை, குதிரை செய்வதில் எது அதனுடையது, எது மனிதனுடையது என்று பிரிக்க முடியாது. முறிந்தபின் ஓரளவு பிரிக்க முடிகிறது. எந்தத் தடையிலும் மாண்டரின் ஒதுங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை, ஒவ்வொன்றாகத் தாண்டியது. முடிவுக்குச் சில தடைகள் இருக்கையில் முன்னங்கால் ஒன்றில் தசைநாண் சிதைந்தது. சேணத்தில் இருந்தபடியே விண்டருக்கு அது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மாண்டரின் முன்னேறியது. கடைசி கஜங்களில் லூமினோ என்ற குதிரை நெருங்கி வர, தலையளவு வித்தியாசத்தில் ஜெயித்தது. பிறகு அது பந்தயத்தில் ஓடவே இல்லை.

கூட்ட மிருகம் கூட்டத்தோடு ஓடியது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஜாக்கியைத் தள்ளிவிட்ட குதிரைகூட வெறும் சேணத்தோடு தடைகளைத் தாண்டிப் போவதுண்டு. சரி. ஆனால் கால் சிதைந்த மிருகம் கூட்டத்தில் பின்தங்கும். இது முன்னால் போனது. ஓட்டத்தின் சூட்டில் வலி மரத்துவிடும் என்றும் சொல்லலாம். போர்க்களத்தில் மனிதனுக்கும் அப்படித்தான். அதற்காக அவன் வீரத்தில் நாம் எதையும் கழிப்பதில்லை. நிகியாஸ் கேட்கும் அறிவு மாண்டரினுக்கு இல்லாமல் இருக்கலாம். நாளை என்பது அதற்குத் தெரியாது, வலி தெரியும். விண்டர் அதைத் தூண்ட முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அந்த இடத்தில் எடுத்த காரியத்தைத் தொடர்வதற்கு, வீரம் என்பது தவிர வேறு சொல் என்னிடம் இல்லை.

இதோடு நிறுத்தினால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும். ஆனால் 1975 இருக்கிறது. ஜூலை 6, நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க். ரஃபியன் மூன்று வயதுப் பெண்குதிரை. அதுவரை ஓடிய 10 ஓட்டங்களிலும் ஜெயித்தது. அந்த வருஷம் கென்டக்கி டெர்பியை ஜெயித்த ஃபூலிஷ் பிளஷரோடு அதைத் தனியாக மோதவிட்டார்கள். 50,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் ஓடிக்கொண்டிருந்த ரஃபியனின் வலது முன்னங்காலில் எலும்பு நொறுங்கியது. இங்கே கடிவாளம் முறியவில்லை. ஜாக்கி வாஸ்கெஸ் இழுத்து நிறுத்தப் பார்த்தார். ரஃபியன் நிற்காமல் உடைந்த காலை ஊன்றி மேலும் ஓடியது. அன்றிரவு அறுவைச் சிகிச்சை செய்து கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், ஓட்டம் இன்னும் முடியாததுபோல் கால்களை உதறி எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டது. விடியுமுன் அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. பெல்மாண்ட் மைதானத்துக்குள்ளேயே அப்போது புதைத்தார்கள்.

ஒன்றில், நிறுத்துவதற்குக் கடிவாளம் இல்லை. மற்றதில், நில் என்ற கடிவாளத்தைக் குதிரை கேட்கவில்லை. குணம் ஒன்றுதான். முதலாவதை வீரம் என்கிறோம். இரண்டாவதைத் துர்ப்பாக்கியம் என்கிறோம். முடிவைப் பார்த்துப் பெயர் வைக்கிற இந்தப் பழக்கம் பணம் கட்டியவனுடையது. மாண்டரினுக்குக் கொடுத்த சொல்லை ரஃபியனுக்கும் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததும் அந்தச் சொல்லில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. அடிபட்டால் ஓட்டத்தை விட்டு ஒதுங்குவதுதான் எந்த மிருகத்துக்கும் இயல்பாக இருக்க முடியும். நிற்காதவற்றையே சுமார் முந்நூறு வருஷமாகப் பொறுக்கி இனவிருத்தி செய்தவன் மனிதன்.

நான் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொன்றில் பற்று எழுதியாக வேண்டும். குதிரையின் பேரில் வீரம் என்று தாராளமாக வரவு வைக்கிறோம். அதற்கான பற்று யார் பேரில் என்பதை, நான் படித்த பந்தயச் சரித்திரங்கள் எதிலும் எழுதியிருக்கவில்லை.