ஜோ பிரீஸ்

ஜோ பிரீஸ் (பிறப்பு 1953) அமெரிக்கச் சைக்கிள் பந்தய வீரர், வடிவமைப்பாளர். மலைப்பாதைக்கென்றே புதிய பாகங்களால் கட்டப்பட்ட முதல் நவீன சைக்கிள் அவருடையது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நம் கல்வராயன் மலையில் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் இன்று ஏறும் கியர் சைக்கிள்களுக்கும் அதுவே மூதாதை.

கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலை 2,571 அடி உயரம். நம் சின்னக் கல்வராயனை ஒத்தது. அதன் அடிவார ஊரான மில் வேலியில் வளர்ந்த பிரீஸ் முதலில் சாலைப் பந்தயங்களில் ஓடினார். 1973இல், 1941ஆம் ஆண்டின் ஸ்விண் சைக்கிள் ஒன்றை 5 டாலருக்கு வாங்கி மலைச்சரிவில் இறக்கினார். அடுத்த ஆண்டு ஆல்பர்ட் ஐசன்ட்ராட்டிடம் ஃபிரேம் கட்டக் கற்றார்.

1976 முதல் 1984 வரை அதே பகுதியின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ரீபேக் இறக்கப் பந்தயங்களைச் சார்லி கெல்லி நடத்தினார். சுமார் 3.4 கி.மீ.க்குள் 1,300 அடி இறங்கும் மண்பாதை. பெடலைப் பின்னுக்கு மிதித்து நிறுத்தும் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும்; மறு ஓட்டத்துக்குள் புதிதாக அடைக்க வேண்டும். ரீபேக் என்ற பெயர் அதனால்தான். நடந்த 24 பந்தயங்களில் 10ஐ பிரீஸ் வென்றார். பாதையின் சாதனை நேரம் கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 வினாடி. பிரீஸ் அதற்கு 2 வினாடிதான் பின்தங்கினார்.

பழைய ஃபிரேம்கள் இந்த இறக்கத்தின் அடியைத் தாங்கவில்லை. கெல்லி கேட்டுக்கொள்ள, 1977இல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களால் பிரீஸ் பிரீஸர் 1ஐ உருவாக்கினார். ஸ்விண்ணின் சாய்கோணங்களை வைத்துக்கொண்டு, தலைக்குழாயிலிருந்து பின்சக்கரம்வரை இரு மெல்லிய பக்கக் குழாய்களை ஓட்டி உறுதியாக்கினார். எந்த இடத்தில் வண்டி வளையும், முறியும் என்பதை இறக்கத்தில் தன் உடம்பாலேயே அறிந்தவர் கட்டியது அது. அதன் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. முதல் தொகுதியில் பத்தே வண்டிகள்.

1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சியின் ஃபிரேம்களைக் கொண்டு விற்பனை தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபின் மலைச் சைக்கிள் கடைச்சரக்கானது. புகழ் பெரும்பாலும் விற்றவர்களுக்கே போய்ச் சேர்ந்தது நியாயமில்லை.

பின்னாளில் பிரீஸ் மட்கார்டு, கேரியர், விளக்குடன் அன்றாடப் பயணத்துக்கான சைக்கிள்களுக்குத் திரும்பினார். நம் ஊர்களில் எப்போதும் வழக்கத்திலிருந்த இந்த வகையை, காரே கதியென்ற நாட்டில் அவர் பிடிவாதமாக வலியுறுத்தியது பந்தய வெற்றிகளுக்குக் குறைந்ததல்ல. 2008இல் பிரீஸர் என்ற வணிகப் பெயரை விற்றார். பிரீஸர் 1 ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஃபேர்ஃபாக்ஸில் 2015இல் திறக்கப்பட்ட மரின் சைக்கிள் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.