புல்மோட்டைக் கறுப்பு மணல்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தொலைவில், கொக்கிளாய்க் களப்பை அடுத்த புல்மோட்டைக் கரையில் படிந்துள்ள கனிய மணல். ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளும் இப்படிவில் 70 வீதமளவு இல்மனைற். அதாவது இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த கறுப்புக் கனியம். ரூட்டைல், சிர்க்கோன் என்ற வேறு கனியங்களும் உண்டு.

மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு மென்னமிலமாகி உள்நாட்டுப் பாறைகளை மெல்ல மெல்ல அரிக்கிறது. பாறையின் பெரும்பகுதி களியாகிவிடும். இல்மனைற் அந்த அமிலத்துக்கு அசையாது. ஆறுகள் கடலில் சேர்த்ததை வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் சுளகில் புடைப்பதுபோலப் புடைக்கின்றன. சாதாரண வெண்மணல் நீரைவிட 2.65 மடங்கு கனமானது, இல்மனைற்றோ 4.7 மடங்கு. இலேசானது அடிபட்டுப் போக, கனத்தது கரையில் தங்கும். மாரி கழிந்து போய்ப் பார்த்தால் கரை வரிவரியாகக் கறுத்துக் கிடக்கும். ஒரு கை அள்ளினால் அதன் பாரம் உடனே தெரியும்.

இத்தகைய மணலில் ஒளிந்திருந்த உலோகத்தை முதலில் இனங்கண்டவர் வில்லியம் கிரெகர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1791இல் கோர்ண்வால் ஓடையொன்றின் கறுப்பு மணலை அமிலத்தில் இட்டு இரும்பை நீக்கியபோது, அறியப்படாத ஓர் ஒட்சைட்டு எஞ்சியது. 1795இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் கிளாப்ரோத் அந்த உலோகத்துக்கு டைட்டேனியம் என்று பெயரிட்டார். நம் கடலுக்கு அக்கரையில், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், 1909இல் ஜேர்மனியரான ஷோம்பெர்க் இதுபோன்ற மணலில் தேடியது மொனசைற் என்ற வேறொரு கனியத்தை. அப்போது இல்மனைற் வெறும் கழிவு. முதல் உலகப் போர்க் காலத்தில் டைட்டேனியம் வெள்ளை எனும் வெண்ணிறப் பொடி ஆலைகளில் உற்பத்தியாகத் தொடங்கியதும் நிலை மாறியது. நஞ்சான ஈயவெள்ளைக்கு மாற்றாக அது வர்ணப்பூச்சில் இடம்பிடித்தது.

இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைந்தது. புல்மோட்டையில் நடப்பது முழுக்கப் பௌதிகப் பிரிப்பே. மணலைக் கழுவி, உலர்த்தி, வலிய காந்தத்தால் இல்மனைற்றை இழுத்தெடுப்பார்கள். மின்னைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்க்கோனையும் மின்புலத்தால் பிரிப்பார்கள். ஒரு துளி அமிலமும் இங்கே தேவையில்லை.

இரசாயனம் தொடங்குவது, மணல் கப்பலேறிப் போன பிறகுதான். செறிந்த சல்பூரிக்கமிலத்தில் இல்மனைற் கரைகிறது. இல்மனைற் ஒரு மூல ஒட்சைட்டுப்போல அமிலத்தோடு தாக்கமுற, இரும்பும் டைட்டேனியமும் சல்பேற்றுகளாகின்றன. கரைசலில் மூவலு இரும்பு (மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பு) சிறிதளவு இருந்தாலும் டைட்டேனியம் வெள்ளை மஞ்சளித்துவிடும். ஆகவே பழைய இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். அந்த இரும்பு இலத்திரன்களை இழந்து தான் ஒட்சியேறும். மூவலு இரும்போ அவற்றைப் பெற்று இருவலு இரும்பாகத் தாழ்த்தப்படும். டைட்டேனியத்தில் சிறு பங்கும் தாழ்த்தப்பட்டதும் கரைசல் ஊதா நிறம் கொள்ளும். மூவலு இரும்பு எதுவும் மீதமில்லை என்பதற்கு அந்த ஊதாவே சாட்சி. இந்த முழுத் தொழிலிலும் அழகான கணம் அதுதான். குளிரவைத்தால் பச்சைப் பளிங்குகள் இறங்கும். நம் வைத்தியர்கள் அன்னபேதி என்று நெடுங்காலமாய்க் கையாண்ட இரும்புச் சல்பேற்று அது. எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து, வரும் வீழ்படிவைச் சுட்டால் டைட்டேனியம் வெள்ளை என்ற அந்த வெண்பொடி கிடைக்கும்.

மணல் கப்பலேறுவதும் எப்போதும் அமைதியாக நடந்ததல்ல. 1997 செப்டெம்பர் 9ஆந் திகதி, புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிற்றி’ கப்பல் விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளாகி அமிழ்ந்தது. போர்க்காலத்தில் இத்தொழில் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு நாளே போதிய சான்று.

மணலை மணலாகவே விற்பது நாட்டுக்கு நட்டம் என்ற வாதம் நியாயமானது. டைட்டேனியத்தின் மதிப்பில் பெரும்பகுதி அமிலத்தொட்டிக்கு அப்பால்தான் பிறக்கிறது. ஆனால் சல்பேற்று முறையில் ஒரு தொன் வெண்பொடிக்கு அன்னபேதி 3 தொன் வரை சேரும், நீர்த்த அமிலமும் மிஞ்சும். சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கினால் அந்த அமிலம் ஜிப்சமாகும். அப்படியே விட்டால் கடலுக்குத்தான் போகும். புல்மோட்டையில் ஆலை எழுப்ப நினைப்பவர்கள் சுண்ணாம்புத் தொட்டியை முதலில் கட்டட்டும். கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.